வரிசையில் நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு

தேக்குவாண்டோ வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரில் பாதிப் பேர், “இது ரெண்டாயிரம் வருசத்துக் கலையாமே மாஸ்டர்?” என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். பழங்கொரியாவின் சில்லா நாட்டு ஹ்வாராங் இளைஞர்கள், கோகுர்யோ கல்லறைச் சுவரோவியங்கள் என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சாகி அச்சாகி அந்தக் கதை நிலைத்துவிட்டது. கிள்ளானில் மாலை வகுப்பு நடத்துகிற எனக்கு அதில் ஒரு சங்கடம். வகுப்பில் நாங்கள் செய்யும் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊரும் காலமும் சொல்லிவிடலாம். அவற்றின் வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குள் அடங்கும்.

வரிசையிலிருந்தே தொடங்கலாம். கறுப்பு பெல்ட் முன்னால், வெள்ளை பெல்ட் கடைசியில். “ஹனா, துல், செட்” என்று எண்ணிக்கை விழ விழ நாற்பது கைகள் ஒன்றாகக் குத்துகின்றன. இப்படிக் கூட்டமாகக் கற்பிக்கும் வழக்கம் ஜப்பானின் ஓகினாவா தீவில் கராத்தே கற்பித்த பள்ளிக்கூடங்களில் உருவானது. அதுவரை கராத்தே என்பது ஆசிரியர் வீட்டு முற்றத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சீடர்கள் கற்றுக்கொண்ட கலை. இதோசு அங்கோ என்பவர் 1901-இல் ஷூரி நகரத் தொடக்கப்பள்ளிக்கு அதைக் கொண்டுபோனார். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தால் வரிசையும் எண்ணிக்கையும் இல்லாமல் முடியுமா? கடினமான பழைய கட்டாக்களை (வரிசையான அசைவுத் தொகுப்புகளை) சுருக்கி, பிள்ளைகளுக்கென்று ஐந்து ‘பினான்’ கட்டாக்களை அமைத்தார். அவரிடம் பயின்ற ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோ போனார். ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. வெள்ளைச் சீருடையும் கறுப்பு பெல்ட்டும் ‘டான்’ படிநிலையும் ஜூடோவிலிருந்து கராத்தேவுக்கு வந்தன.

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. மேற்படிப்புக்கு டோக்கியோ போன கொரிய இளைஞர்கள் அங்கே கராத்தே கற்றார்கள். சூவோ பல்கலைக்கழகத்தில் படித்த லீ வோன்-குக், ஃபுனகோஷியிடம் பயின்றுவிட்டு 1944-இல் சியோலில் சுங்டோக்வான் என்ற பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். அதே ஆண்டு கேசோங்கில் ரோ பியோங்-ஜிக் சோங்மூக்வானைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் ஹ்வாங் கீயின் மூடுக்வான், சொன் சாங்-சோப்பின் பள்ளி, சியோல் ஒய்.எம்.சி.ஏ.வில் யுன் பியோங்-இன் நடத்திய வகுப்பு என்று ஒவ்வொன்றாக முளைத்தன. யுன், மஞ்சூரியாவில் சீனக் குத்துக்கலையும் கற்றவர். கொரியப் போர் முடிந்தபோது சொன், யுன் இருவருமே தென்கொரியாவில் இல்லை. அவர்களின் மாணவர்கள்தான் பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

இந்தக் ‘க்வான்’ பள்ளிகளில் நடந்த பயிற்சியைத்தான் இன்று நாம் பாரம்பரியப் பயிற்சி என்கிறோம். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி, தாழ்வான நீண்ட நிலையில் நிற்க வேண்டும். ஒரு கை குத்தும்போதே மற்றக் கை இடுப்புக்குத் திரும்பி வர வேண்டும். தோளைத் தூக்கக் கூடாது. முஷ்டி கடைசி நொடியில்தான் சுழல வேண்டும், வேகம் இடுப்பிலிருந்து பிறக்க வேண்டும். வைக்கோல் கயிறு சுற்றி நட்ட மரக்கட்டையில் முதல் இரண்டு விரல்முட்டிகளை மட்டும் படவைத்து நாள்தோறும் குத்துவார்கள். கொரியர்கள் ‘தால்யொன்’ என்று சொல்லும் இந்தப் பதப்படுத்தல், ஓகினாவாவின் மகிவாராவேதான். பினான் கட்டாக்களும் ‘ப்யோங்ஆன்’ என்ற கொரிய உச்சரிப்போடு அப்படியே தொடர்ந்தன.

அடுத்த அடுக்கு ராணுவம். ஜப்பானில் கராத்தே கற்ற சோய் ஹோங்-ஹீ, தென்கொரியப் படையில் ஜெனரல் ஆனார். 1950-களின் முற்பகுதியில் அதிபர் சிங்மன் ரீ முன்னால் நடந்த காட்சியில் நம் தே-ஹீ என்பவர் ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார். பார்த்த அதிபர், “இது நம்ம தேக்க்யோன்” என்று ஒரு பழைய கொரியக் கலையின் பெயரைச் சொன்னாராம். 1955 ஏப்ரலில் தேக்குவாண்டோ என்ற பெயர் முன்மொழியப்பட்டது. சோயும் நம் தே-ஹீயும் மற்றவர்களும் கட்டாக்களைப்போல் அமைத்த பேட்டர்ன்களில் கொரிய வரலாறு எண்களாக ஏறியது. ஹ்வாராங் பேட்டர்னின் 29 அசைவுகள் 29-ஆம் காலாட்படைப் பிரிவைக் குறிக்கும். ஜூங்-குனில் 32 அசைவுகள்: ஜப்பானியத் தலைவர் இதோ ஹிரோபுமியைச் சுட்டுக்கொன்று 1910-இல் தூக்கிலிடப்பட்ட ஆன் ஜூங்-குனின் வயது, கொரியக் கணக்குப்படி, அது. தளபதி யி சுன்-சின் பெயரிலான சுங்-மூ இடக்கைத் தாக்குதலோடு முடியும், அது அவர் நிறைவுறாமல் மாண்டதற்கான அடையாளம். அடித்தளம் ஜப்பானிலிருந்து வந்தது. அதன்மேல் ஜப்பானை எதிர்த்தவர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அந்தத் தலைமுறையின் மனநிலை எனக்கு இதில்தான் நன்றாக விளங்குகிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இந்த வரலாறு சுற்றிவளைத்து வந்ததல்ல. தென்கொரியாவில் பாக் சுங்-ஹீ 1961-இல் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரோடு ஒத்துப்போகாத சோயை மறு ஆண்டே மலாயாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். அவர் கோலாலம்பூரில் இருந்த ஆண்டுகளில் இங்கே தேக்குவாண்டோ வேர்பிடித்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நின்று கொரிய மொழியில் எண்ணினோம். நான் சிறுவனாகச் சேர்ந்த வகுப்பிலும் ராணுவ வாடைதான். தாமதமாக வந்தால் முஷ்டி ஊன்றித் தண்டால். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

உதைக்கு வருவோம். தேக்குவாண்டோ என்றதும் கண்ணில் வருவது தலைக்கு மேல் சுழலும் கால். ஆனால் தொடக்கக் க்வான்களில் கைக்குத்தான் முதலிடம். காலை மேலே ஏற்றியதில் போட்டி விதிகளின் பங்கு பெரியது. 1963-இல் கொரியத் தேசிய விளையாட்டு விழாவில் இந்தக் கலை அதிகாரபூர்வப் போட்டியானது. மார்புக் கவசம் வந்தது. முகத்தில் கையால் குத்தத் தடை, காலால் உதைக்க அனுமதி. முகத்துக்குக் குத்து வராது என்றால் கை தானாகக் கீழே இறங்கும். நீண்ட நிலையிலிருந்து சட்டென்று உதைக்க முடியாது, ஆகவே கால்கள் நெருங்கின, உடம்பு நிமிர்ந்தது, குதித்துக்கொண்டே இருக்கும் நடை வந்தது. மரக்கட்டையின் இடத்தை, எதிரே நிற்பவர் கையில் பிடித்துக்கொள்ளும் ‘மிட்’ என்ற உதைமெத்தை எடுத்துக்கொண்டது. 1972-இல் சியோலில் குக்கிவோன் என்ற தலைமையகம், 1973-இல் உலகச் சம்மேளனம், 2000-இல் சிட்னி ஒலிம்பிக் பதக்கம் என்று ஒவ்வொரு படியிலும் வகுப்பறை மாறியது. 1970-களின் தொடக்கத்தில் வந்த தேகுக் பூம்சே என்ற பேட்டர்ன்களில், சாதாரணமாக நடக்கும்போது வைக்கும் அடியளவிலேயே ஒரு நிமிர்ந்த நிலை இடம்பெற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணுக் கவசம் வந்த பிறகு, முன்காலைத் தூக்கி வேலிபோல் வைத்துக்கொண்டு புள்ளி சேர்க்கும் பாணி பரவியது.

அப்படியானால் சிங்மன் ரீ நினைத்துக்கொண்ட தேக்க்யோன்? அது தனியாக உயிரோடு இருக்கிறது. சோங் தோக்-கீ என்ற முதியவர் கட்டிக்காத்த அந்தக் கலையைத் தென்கொரியா 1983-இல் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது, யுனெஸ்கோ 2011-இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆடி அசைந்து அடிவைத்து, எதிராளியைத் தட்டி விழவைக்கும் அதற்கும் எங்கள் வகுப்பின் விறைப்பான வரிசைக்கும் பயிற்சி முறையில் உறவு காண்பது கடினம். குக்கிவோனின் துணைத் தலைவராக இருந்த லீ சோங்-வூவே 2002-இல் ஒரு கொரிய மாத இதழ்ப் பேட்டியில், தேக்குவாண்டோ கராத்தேயிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டார்.

இதைச் சொன்னால் கலையின் மதிப்பு குறைந்துவிடும் என்று என் நண்பர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு இழந்து, போரில் ஆசிரியர்களையும் இழந்த ஒரு தலைமுறை, கடன் வாங்கிய பயிற்சியை இருபது முப்பது ஆண்டுக்குள் தனக்கென்று ஆக்கிக்கொண்டது சின்ன விஷயமா? வயதை அறிந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நிதானமாகத் தீர்மானிக்கவும் முடியும். கட்டையில் குத்தி முட்டி தடிப்பதை வளரும் பிள்ளைகளுக்கு நான் நிறுத்திவிட்டேன். தண்ணீருக்கு இப்போது யாரும் அனுமதி கேட்பதில்லை.

பல பள்ளிகள் கைவிட்ட மூன்றடிச் சண்டையை மட்டும் விடமாட்டேன். தாக்குகிறவர் மூன்று முறை முன்னேறிக் குத்துவார். மற்றவர் மூன்று முறை பின்வாங்கித் தடுத்து, மூன்றாவதில் திருப்பித் தாக்கி, தோலைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் கையை நிறுத்த வேண்டும். இதனால் போட்டியில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. ஆனால் தூரத்தைக் கண்ணால் அளக்கவும், அடிக்க முடிந்த இடத்தில் அடிக்காமல் நிற்கவும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. இதுவும் ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களிலிருந்து வந்ததுதான். கேட்கிற பெற்றோரிடம் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.