ஷாலிமார் வந்த வழி

ஷாலிமார் என்னும் வாசனையின் கதையைப் பாரிஸில் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அது இந்தியப் பெருங்கடலில், ரெயூனியன் தீவில் தொடங்குகிறது. காதோரம் தொட்டு வைத்து ஒரு பகல் முழுக்கக் கழிந்த பிறகும் ஷாலிமாரில் மிச்சம் நிற்பது வெனிலா. அந்த வெனிலாவை உலகத்தின் கைக்கு எட்ட வைத்தவன் 12 வயது அடிமைப் பையன் ஒருவன்.

வெனிலா ஆர்க்கிட் இனத்துக் கொடி. பிறந்த மண் மெக்சிகோ. அதன் கிழக்குக் கரையில், பாபான்ட்லா பக்கத்து டோடோனாக் மக்கள் காலம் காலமாக வளர்த்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கொடியை போர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரெயூனியனுக்கு, கொண்டுவந்து நட்டார்கள். தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. சொந்த ஊரில் அந்தப் பூவுக்குள் புகுந்து புறப்படும் தேனீ இந்தத் தீவில் கிடையாது.

1841இல் சேந்த் சுசான் என்ற ஊரில், பெல்லியே-போமோன் என்பவரின் தோட்டத்தில் அடிமையாக இருந்த எட்மோன் அதற்கு வழி கண்டான். வெனிலாப் பூ விடிகாலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும். அதற்குள், பூவின் உதட்டிதழைக் கிழித்து விலக்கி, ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் சவ்வை ஒரு மெல்லிய குச்சியால் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடிமேல் ஒரு அழுத்து. அவ்வளவுதான் வேலை. இன்றைக்கும் மடகாஸ்கரிலிருந்து நம் பொள்ளாச்சி வரை வெனிலாப் பூவை இப்படித்தான் கையால் சேர்க்கிறார்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு ஆல்பியஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. தீவுக்கு வந்த செல்வத்தில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. 1880இல் எட்மோன் ஆல்பியஸ் ஏழையாகவே செத்தார். ஷாலிமாரைப் பற்றிப் பேச்செடுத்தால் அரசன், அரசி, தோட்டம் என்றே ஆரம்பிக்கிறோம். முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவருடையது.

பச்சை வெனிலாக் காயை முகர்ந்தால் ஒன்றும் வராது. கொடியில் ஒன்பது மாதம் முற்ற வேண்டும். பிறகு வெந்நீரில் முக்கி எடுத்து, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, பகலில் வெயில், இரவில் மூட்டம் என்று வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் பதப்படுத்தி, மரப்பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கருத்து, எண்ணெய் மினுங்கி, வாசனை எழும். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும். விலை ஏன் அப்படி என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

இந்தப் பாடு எதுவும் இல்லாமல் வெனிலாவின் மணத்தைப் பெற ஐரோப்பிய வேதியியலாளர்கள் முயன்றார்கள். ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் 1874இல் பைன் மரச் சாற்றிலிருந்து வெனிலினை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பே இங்கிலாந்தில் பெர்கின், டோங்கா விதையில் இருக்கும் கூமரினை ஆய்வகத்தில் செய்திருந்தார். இந்த இரண்டையும் சேர்த்து பாரிஸில் ஏமே கெர்லான் 1889இல் போட்ட வாசனைதான் ஜிக்கி. ஐஃபல் கோபுரம் திறந்த அதே வருடம்.

ஷாலிமார் அந்த ஜிக்கியின் வயிற்றில் பிறந்தது. வெனிலினைவிடச் சில மடங்கு வீரியமான எத்தில் வெனிலின் கைக்கு வந்ததும், எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று ஏமேயின் தம்பி மகன் ழாக் கெர்லான் அதை ஒரு ஜிக்கி புட்டிக்குள் ஊற்றினாராம். கெர்லான் நிறுவனம் சொல்லிவரும் கதை இது. ஊற்றியது உண்மையோ பொய்யோ, அதோடு விட்டிருந்தால் அது மிட்டாய்க்கடை வாசனையாகப் போயிருக்கும். ழாக்கின் திறமை இனிப்பைக் கூட்டியதில் இல்லை, அதற்கு எதிரிகளைத் தேடிச் சேர்த்ததில் இருக்கிறது. மேலே இத்தாலியின் தென்கோடிக் கலாப்ரியாவிலிருந்து வரும் பெர்கமோட் பழத்தோலின் எண்ணெய், அதுவும் தாராளமாக. நடுவில் ஐரிஸ் கிழங்கு. அடியில் வெள்ளைப்போளத்துக்கு உறவான ஒபோபனாக்ஸ் பிசின், புகைந்த தோலின் வாடை, பிறகு புனுகு. ஆமாம், நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் சின்ன டப்பாவில் விற்கும் அதே புனுகுதான், பாரிஸுக்கு அது எத்தியோப்பியப் பூனையிடமிருந்து போனது. தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும். பாயசத்தில் போடும் ஒரு கல் உப்பு செய்வதை இது வெனிலாவுக்குச் செய்கிறது.

1921இல் தயாரான கலவை, 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் புதுப் புட்டியோடு அரங்கேறியது. அகன்ற தோள் வைத்த கண்ணாடிப் புட்டி, விசிறி வடிவில் நீல மூடி. ரேமோன் கெர்லான் வரைந்தது, பக்கரா கண்ணாடிக்காரர்கள் செய்தது. கழுத்தில் மெல்லிய சவ்வை இழுத்துப் போர்த்தி, நூலால் சுற்றிக் கட்டி, நுனியைப் பிரித்துத் தட்டிவிடுவார்கள். காற்றுப் புகாது. அந்தக் கட்டைக் கையால் போடும் பெண்கள் அந்த நிறுவனத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

பெயருக்குச் சொல்லப்படுவது ஷாஜகான், மும்தாஜ் காதல் கதை; அவளுக்காக அவர் போட்ட தோட்டத்தின் பெயராம். லாகூரின் ஷாலிமார் தோட்ட வேலை தொடங்கியது 1641இல். மும்தாஜ் இறந்தது 1631இல். காஷ்மீரத்து ஷாலிமாரோ, ஷாஜகானின் தந்தை ஜகாங்கீர் காலத்துத் தோட்டம். அந்த வம்சத்தில் வாசனைக்கு உரிய பெயர் என்றால் ஜகாங்கீரின் மனைவி நூர்ஜகானின் தாய் அஸ்மத் பேகத்தைச் சொல்லலாம். ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று ஜகாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பனிநீர் காய்ச்சும்போது மேலே படிந்த எண்ணெயைக் கவனித்து வழித்தெடுத்த பெண். அவர் பெயரில் புட்டி எதுவும் வரவில்லை.

இனி, இதை யார் பூசினார்கள் என்பது. அக்காலப் பாரிஸில் ஒரு பேச்சு உண்டு. நல்ல குடும்பத்துப் பெண் செய்யக்கூடாதவை மூன்று: புகை பிடிப்பது, டாங்கோ ஆடுவது, ஷாலிமார் பூசுவது. முடியைக் குட்டையாக வெட்டி, முழங்கால் தெரியச் சட்டை போட்டு, ராத்திரியில் தனியாக வெளியே போன பெண்களின் வாசனை என்று அதற்குப் பெயர் விழுந்தது. இன்று வரைக்கும் விளம்பரமும் பத்திரிகையும் அதே பாட்டைத்தான் பாடுகின்றன. ஷாலிமார் பூசுகிறவள் மயக்குகிறவள், இரவுக்கு உரியவள், இப்படி. பெண்ணின் குணத்தைப் புட்டியின்மேல் எழுதிவிட முடியும் என்று இவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஷாலிமார் அப்படிப்பட்டதல்ல.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பெரியம்மா இருந்தார். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அப்படிப்பட்ட வீடுகளில் பிரான்சிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான்களுக்கு ஒரு முறை உண்டு: சாக்லேட் பிள்ளைகளுக்கு, ஒயின் ஆண்களுக்கு, வாசனைப் புட்டி பெண்களுக்கு. பெரியம்மா வேறு எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார், ஷாலிமார் மட்டும்தான். அதிகம் பேசமாட்டார். சீட்டுக் கணக்கு எழுதுவார், காலணா பிசகாது. சிரித்து நான் பார்த்தது குறைவு. பத்திரிகைகள் சொல்லும் மயக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெரியப்பா இறந்ததும் பூவை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டார். பொட்டை எடுக்கச் சொன்னார்கள், அதையும் எடுத்தார். தாலி அறுத்தவளுக்கு சென்ட் எதற்கு என்று ஒரு உறவுக்காரி கேட்டபோது மட்டும் அவர் பதில் சொல்லவில்லை, நிறுத்தவுமில்லை. மாதம் ஒருநாள் பென்ஷன் விஷயமாகக் கிளம்பும்போது, குளித்து, வெளிர் நிறப் புடவை கட்டி, கண்ணாடி மூடியின் நுனியை இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒவ்வொரு தரம் தொட்டுக்கொள்வார். அவ்வளவே. ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் பெரியம்மா, அன்னிக்கு மட்டும்?" என்று. "அங்க போயி வரிசையில நிக்கும்போது நான் யாருக்கும் கொறஞ்சவளா இருக்கக் கூடாது கண்ணு" என்றார்.

புதுச்சேரி வெயிலில் அந்த வாசனை நடந்துகொள்ளும் விதமே வேறு. பாரிஸ் குளிரில் கோட்டுக்கடியில் பெர்கமோட் நிதானமாகத் தங்கும். மே மாத முத்தியால்பேட்டையில், வாசல் தாண்டித் தெருமுனை போவதற்குள் அது பறந்துவிடும். பிறகு வியர்வை ஏற ஏற அடியிலிருந்து வெனிலாவும் பிசினும் ஒன்றாகக் கிளம்பும், கூடவே அந்தப் புனுகு. எனக்கு அது இரவு விருந்தை நினைவூட்டியதே இல்லை. பீரோவில் அடுக்கிய கஞ்சிபோட்ட புடவை, சீட்டு நோட்டு, பூஜை அறைச் சாம்பிராணி எல்லாம் கலந்த ஒரு கண்டிப்பான வாசனை. வெனிலின் நாள்பட்டால் பழுப்பேறும். புட்டியின் அடிப்பகுதிச் சரக்கு டிகாஷன் நிறத்துக்குப் போயிருக்கும். அவருடைய வெள்ளை ஜாக்கெட்டுகளின் கழுத்தோரம், காதிலிருந்து இறங்கிப் படிந்த ஒரு பழுப்புக் கறை இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை, அவரும் அதை மறைக்கவில்லை.

1925இல் பாரிஸ் பெண்ணுக்கு எது கூடாது என்று சொன்னார்களோ, அதுவே அரை நூற்றாண்டு கழித்து புதுச்சேரியில் ஒரு கைம்பெண்ணுக்கும் கூடாது என்று வந்தது. இனிப்பான மணம் யார்மேல் வீசலாம் என்று முடிவு செய்யும் உரிமையை எப்போதும் மற்றவர்களே வைத்திருக்கிறார்கள். டாங்கோ ஆடிய பெண்ணும் பெரியம்மாவும் ஒரே புட்டியை அதற்கு எதிராகத் திறந்தார்கள். ஒருத்தி அதைக் கொண்டாட்டம் ஆக்கினாள், இன்னொருத்தி கௌரவம் ஆக்கினார். குணம் அவர்கள் கொடுத்தது.

புட்டிக்குள் இருப்பதும் மாறாமல் இல்லை. பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டி எடுத்த புனுகுக்குப் பதில் இப்போது ஆய்வகச் சரக்கு. அது நல்லதே. வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள் ஒன்று பெர்கமோட் எண்ணெயில் உண்டு, அதைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். கெர்லான் குடும்பமும் நிறுவனத்தை 1994இல் எல்விஎம்ஹெச் குழுமத்திடம் விற்றுவிட்டது. பழைய வாசனைகளைப் பழைய செய்முறைப்படியே செய்து, வெளிச்சம் படாமல், ஆர்கான் வாயுவுக்கடியில், 12 டிகிரி குளிரில் பாதுகாக்கும் காப்பகம் ஒன்று வெர்சாயில் 1990 முதல் இருக்கிறது. ஆஸ்மோதேக் என்று பெயர்.

பெரியம்மாவின் பேத்தி பாரிஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறாள். ஷாலிமார்தான் பூசுகிறாள், ஆனால் பாட்டி வாசனை வரவில்லை என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். சரக்கும் மாறிவிட்டது, ஊரும் குளிர், எப்படி வரும் என்றேன். ஒருமுறை வெர்சாய் போய் அந்தக் காலத்துச் சரக்குகளை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். இன்னும் போகவில்லை. குளிர்காலத்தில் தன் கழுத்துத் துணியில் வெனிலாவைவிடத் தோல் வாடைதான் தூக்கலாக நிற்கிறதாம், அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. "பாட்டியோடது பாட்டிக்கு, இது என்னோடது" என்கிறாள்.