நேத்து விழுந்த பந்து இன்னைக்கு ஏன் விழல? பூல் டேபிளில் ‘ஸ்ட்ரோக்’ தொலைந்தால் மீட்பது எப்படி?

சனிக்கிழமை சாயங்காலம். நண்பர்களோடு பூல் டேபிளைச் சுற்றி நிற்கிறீர்கள். கறுப்பு நிற 8-ம் நம்பர் பந்து பாக்கெட்டுக்கு நேராக இருக்கிறது. போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஷாட்தான். குனிகிறீர்கள், கியூவைப் பின்னால் இழுக்கிறீர்கள். முன்னால் வரும்போது கை லேசாக இழுத்துக்கொள்கிறது. வெள்ளைப் பந்து எங்கேயோ போய் முட்டுகிறது. “என்னல ஆச்சு உனக்கு? நேத்து அப்படி ஆடின!” என்று சிரிக்கிறான் நண்பன். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் அடுத்த ஷாட்டுக்குக் குனியும்போது, “இந்தத் தடவையும் கை இழுத்துடுமோ?” என்ற பயமும் சேர்ந்தே வருகிறது.

கியூ பிடிக்கும் எல்லோருக்கும் ஒருநாள் வருகிற பிரச்னைதான் இது. சரிசெய்யவும் முடியும். ஆனால் பிரச்னை கையிலா, மனசிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதால்தான் பலரும் இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேரம் போர்டு கைக்கு ஏன் கஷ்டம்?

திருவேங்கடம், சங்கரன்கோவில் மாதிரி ஊர்களிலிருந்து படிக்கவோ வேலைக்கோ பெரிய ஊருக்குப் போன பலருக்கு பூல் டேபிள் புதுசு. கைக்குப் பழகியது கேரம் போர்டுதான். கோணம் பார்க்கிற கண்ணை கேரம் நன்றாகவே பழக்கித் தந்திருக்கும். ஆனால், கேரமில் விரல் ஒரே சுண்டலில் வேலையை முடித்துவிடும். யோசிக்க நேரமே இருக்காது. பூல் கேமில் கை பின்னால் போய், திரும்பி முன்னால் வர வேண்டும். அந்த ஒரு விநாடி இடைவெளிதான் சந்தேகம் உள்ளே நுழைகிற வாசல்.

ஒரே ஒரு டிகிரி!

தப்பு எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். அடிக்க வேண்டிய பந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, நேர் ஷாட் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பந்து வெறும் 1 டிகிரி விலகினால், ஒரு மீட்டர் போவதற்குள் 17 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். இரண்டு பந்துகளும் உருண்டையானவை என்பதால், அந்த 17 மில்லிமீட்டர் அடிபட்ட பந்தைச் சுமார் 17 டிகிரி திருப்பிவிடும். பாக்கெட் அரை மீட்டரில் இருந்தால்கூட, பந்து 15 சென்டிமீட்டர் விலகிப் போய்ச் சுவரில் முட்டும்.

அதாவது, நீங்கள் ‘மொத்தமா ஆட மறந்துபோன’ ஆள் இல்லை. ஒரு டிகிரி தப்பிய ஆள். அவ்வளவுதான்.

முதலில் இதையெல்லாம் செக் பண்ணுங்க

மனசைக் குறை சொல்வதற்கு முன் பொருளையும் உடம்பையும் பாருங்கள்.

கியூ: பொதுவாக வைத்திருக்கும் கியூக்கள் பல கை பட்டவை. டேபிள்மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். துள்ளித் துள்ளி உருண்டால் வளைந்திருக்கிறது, வேறு எடுங்கள். நுனியில் இருக்கும் தோல் வழுவழுவென்று பளபளத்தால் பந்தில் வழுக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் சாக் தடவுங்கள்.

வியர்வை: நம்ம ஊர் வெயிலில் விரல் ஈரமாகி கியூ ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டி ஒட்டி நகர்வதைத்தான் பலர் ‘கை நடுங்குது’ என்று நினைக்கிறார்கள். துண்டால் கையையும் கியூவையும் துடைத்தாலே போதும். கேரம் பழக்கத்தில் பவுடரை அள்ளிப் பூசாதீர்கள். டேபிள் துணியெல்லாம் படிந்துவிடும்.

பிடி: பின்கை கியூவை ஒரு சின்னக் குருவியைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். பறக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது. பயம் வந்தால் முதலில் இறுகுவது இந்தப் பிடிதான். கடைசி நொடியில் இறுகினால் மணிக்கட்டு திரும்பும், கியூ கோணும்.

முழங்கை: கியூவின் நுனி வெள்ளைப் பந்தைத் தொடும் நேரத்தில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தரைக்குச் செங்குத்தாக இருக்கட்டும். ஊஞ்சல் மாதிரி முன்கை மட்டும் ஆட வேண்டும், தோள் ஆடக் கூடாது.

முன்கை ஊன்றும் இடம்: வெள்ளைப் பந்திலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். ரொம்பத் தள்ளி ஊன்றினால் நுனி அலையும்.

தலை: அடித்த உடனே “விழுந்துச்சா?” என்று நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் இருக்கிறதா? உடம்பு எழும்போதே கியூவும் கோணும். பந்து பாக்கெட்டை அடையும் வரை குனிந்தே இருங்கள்.

இதில் ஏதோ ஒன்று சிக்கினால் அதை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரே நாளில் நாலைந்தை மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்றே தெரியாது.

எல்லாம் சரி, ஆனாலும் வரலையா?

தனியாக ஆடும்போது நன்றாக வருகிறது, யாராவது பார்த்தால் இழுத்துக்கொள்கிறது என்றால் கதை வேறு. கோல்ஃப் ஆட்டக்காரர்கள் இதை ‘யிப்ஸ்’ என்பார்கள். ஈட்டியை விரலிலிருந்து விடவே முடியாமல் போவதற்கு டார்ட்ஸ் ஆட்டத்தில் ‘டார்ட்டைட்டிஸ்’ என்று பெயர். 5 முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே அது வந்தது.

ஸ்னூக்கரில் ஸ்டீபன் ஹென்ட்ரியைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர். 1990-லிருந்து 1999-க்குள் 7 முறை உலக சாம்பியன். பிறகு கியூவைப் பந்தின் ஊடாக முழுசாகத் தள்ள முடியாமல் வருடக்கணக்கில் தவித்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2012-ல் ஓய்வை அறிவித்தார். அதில் ஒரு விஷயம் கவனியுங்கள். அதே 2012 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றில்தான் அவர் ஒரே பிரேக்கில் 147 புள்ளிகள் எடுத்தார். திறமை அவரை விட்டுப் போகவில்லை. நினைத்த நேரத்தில் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? செருப்புப் போட்டு மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று நினைப்பதில்லை. நினைத்துப் பாருங்கள், தடுமாறும். நன்றாகப் பழகிய அசைவை ஒவ்வொரு படியாகக் கவனிக்க வைத்தால் தேர்ந்தவர்களின் ஆட்டம் மோசமாகிறது என்று கோல்ஃப், கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதிதாகக் கற்பவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு அந்தக் கவனம் தேவை.

ஆகவே, கையைக் கவனிக்க வேண்டிய இடம் பயிற்சி. கேமில் கையை நம்பித்தான் ஆக வேண்டும்.

மீட்பதற்கு 5 வழிகள்

1. பாட்டில் பயிற்சி: டேபிள்கூட வேண்டாம். ஒரு காலி தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் படுக்க வையுங்கள். கியூவையோ நேரான மெல்லிய கம்பையோ பிடித்து, பாட்டில் வாயின் ஓரம் படாமல் உள்ளே போய் வெளியே வாருங்கள். மெதுவாக 20 முறை. ஊரில் இருக்கும்போதும் இதைச் செய்யலாம்.

2. போய்த் திரும்பும் ஷாட்: டேபிளில் வேறு பந்து வேண்டாம். வெள்ளைப் பந்தை நடுக்கோட்டில் வைத்து, எதிர்ச் சுவரில் பட்டு உங்கள் கியூ நுனிக்கே திரும்பி வருமாறு அடியுங்கள். எப்போதும் ஒரே பக்கமாக விலகி வந்தால், நீங்கள் பந்தின் நடுவை அடிக்கவில்லை.

3. ஈஸி ஷாட்டில் ஆரம்பியுங்கள்: பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பந்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைப் பந்து. பத்துக்குப் பத்து விழுந்தால்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும். பந்து விழுகிற சத்தத்தைக் கை மறுபடி பழக வேண்டும்.

4. ஒரே வரிசை: நின்று கோட்டை முடிவுசெய்யுங்கள். குனியுங்கள். மூன்று முறை மெதுவாக ஆட்டுங்கள். பின்னால் இழுத்து ஒரு நொடி நில்லுங்கள். அடியுங்கள். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் அப்படியே அடிக்காதீர்கள். எழுந்து, மறுபடி முதலிலிருந்து வாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

5. கண்ணுக்கு வேலை கொடுங்கள்: கடைசியாகப் பார்ப்பது, அடிக்க வேண்டிய பந்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த புள்ளியாக இருக்கட்டும். கண் வெளியே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மனசு கையை நோண்டாது.

இதையெல்லாம் செய்யாதீங்க

தோற்ற கடுப்பில் பந்தயப் பணத்தைக் கூட்டாதீர்கள். கை இறுகுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஸ்ட்ரோக்கை மட்டுமல்ல, மாசக் கடைசிச் சாப்பாட்டுக் காசையும் தொலைத்துவிடுவீர்கள். “ஒரு பீர் அடிச்சா கை நிக்கும்” என்று சொல்பவரை நம்பாதீர்கள். நடுக்கத்துக்கு என்று ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. கியூ விளையாட்டுப் போட்டிகளில் தடைசெய்யப்பட்ட மருந்தும்கூட.

டாக்டரை எப்போது பார்க்கணும்?

யிப்ஸ் பற்றி ஆராய்ந்தவர்கள் அதை இரண்டு முனைகளாகப் பார்க்கிறார்கள். ஒரு முனையில் பதற்றம். மறுமுனையில், குறிப்பிட்ட அசைவின்போது மட்டும் தசை தானாக இழுத்துக்கொள்ளும் ‘டிஸ்டோனியா’ என்ற நரம்புப் பிரச்னை. எழுதும்போது, டீ கிளாஸ் பிடிக்கும்போது, சட்டை பட்டன் போடும்போதும் கை இழுத்தாலோ நடுங்கினாலோ, அதை விளையாட்டுப் பிரச்னை என்று தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியா ஒரு கதை

பூல் கேமின் சொந்தக்கார விளையாட்டான ஸ்னூக்கருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஆடிக்கொண்டிருந்தபோது, ஒருவர் பாக்கெட் பக்கத்திலேயே இருந்த பந்தைத் தவறவிட்டார். உடனே நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி அவரை ‘ஸ்னூக்கர்’ என்று கிண்டல் செய்தார். ராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களை அப்படித்தான் அழைப்பார்களாம். நம்ம பாஷையில் ‘கத்துக்குட்டி’. அவர் மனம் நோகக் கூடாதென்று, “இந்த ஆட்டத்தில் நாம எல்லோருமே ஸ்னூக்கர்தான்” என்றும் சேர்த்துச் சொன்னதாகப் பின்னாளில் சேம்பர்லேனே எழுதினார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. பிறகு அதன் விதிகளை எழுதி மாட்டியது, நம்ம ஊட்டி கிளப்பில்.

ஒரு ஈஸி ஷாட்டை விட்டவருக்குக் கிடைத்த பட்டப்பெயர்தான் இன்று உலகம் முழுக்க ஆடும் ஒரு விளையாட்டின் பெயர். அடுத்த முறை நண்பன் சிரித்தால் இந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, துண்டால் கையைத் துடைத்து, சாக் தடவி, நிதானமாகக் குனியுங்கள்.