கடன் கொடுத்தவர் வீட்டுக்காரர் ஆன கதை

ஜார்ஜ்டவுனில் நாலைந்து கடைவீடுகள் கையில் இருந்தால் காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு வீட்டை அடமானம் வைத்து இன்னொன்றை வாங்கு, வாடகைப் பணத்திலேயே வங்கித் தவணை அடைந்துவிடும் என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கு எங்கே பலிக்கும், எங்கே காலை வாரும்? இதைத் தெரிந்துகொள்ள வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாறே போதும்.

செட்டிநாட்டிலிருந்து 'கொண்டு விற்க' வந்தவர்கள் அவர்கள். 1857ஆம் ஆண்டிலேயே தண்ணீர்மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பிவிட்டார்கள் என்றால், அதற்கு முன்பே அவர்கள் கையில் இங்கே காசு புழங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? தொழில் நடந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டி, உட்கார்ந்து எழுத ஒரு சின்னச் சாய்வு மேசை. அவ்வளவுதான் ஆபீஸ்! மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. மேலாள் பொதுவாக மூன்று ஆண்டுகள் இருந்து கணக்கு முடித்துவிட்டு ஊர் திரும்புவார். அடுத்தவர் கப்பலேறுவார்.

கடன் கொடுக்கும் பணம் முழுவதும் முதலாளியின் சொந்தப் பணம் அல்ல. உறவினர் பணம், பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம் எல்லாம் வட்டிக்கு வந்து சேரும். அதுவும் போதாதபோது வெள்ளைக்கார வங்கிகளில் ஓவர்டிராப்ட். ஈயச் சுரங்கக்காரர் யார், சின்னத் தோட்டக்காரர் யார், யாரை நம்பலாம் என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. செட்டியாருக்குத் தெரியும். அங்கே குறைந்த வட்டிக்கு வாங்கி இங்கே கூடுதல் வட்டிக்குக் கொடுப்பார். இடையில் நிற்பதுதான் லாபம். ரங்கூன் போன்ற ஊர்களில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடான தொழில் அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கடைவீட்டுப் பத்திரமும் தோட்டத்துக் கிராண்டும் பெட்டிக்குள் வந்தது ஜாமீனாகத்தான். வீட்டுக்காரர் ஆவது செட்டியாரின் திட்டமல்ல. பணம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவருக்குப் பிழைப்பு.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தன. கடன் வாங்கியவர் கையை விரித்தார். வேறு வழியில்லாமல் நிலமும் வீடும் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறின. பர்மாவில் இதன் அளவு திகைக்க வைப்பது. தென்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 விழுக்காடானது. ஏதோ பேராசை பிடித்து வளைத்துப் போட்டார்கள் என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான். கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 10,000 வெள்ளிக் கடனுக்கு மாதம் 100 வெள்ளி வட்டி வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு கடைவீடு. வாடகை 40 வெள்ளி. ஆனால் பணம் போட்ட ஆச்சிக்கும் வங்கிக்கும் வட்டி கொடுத்தே ஆக வேண்டும். சொத்துப் பட்டியல் நீளுகிறது, கையில் ரொக்கம் இல்லை!

போருக்குப் பிறகு இன்னொரு பூட்டு விழுந்தது. வீட்டுப் பஞ்சத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31க்குள் கட்டிய கட்டடங்களைப் பிடித்து நிறுத்தியது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது, நினைத்தபடி காலி செய்யச் சொல்லவும் முடியாது. பினாங்கில் ஏறத்தாழ 12,000 கட்டடங்கள் இதற்குள் அடங்கின. சொந்தக்காரருக்குச் சொற்ப வாடகை கொடுத்துவிட்டு, மாடியை அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். கூரை ஒழுகினால் சரிசெய்ய வீட்டுக்காரருக்கு மனம் வருமா? செட்டிநாட்டில் இருக்கும் வாரிசுக்கு அந்த வீடு பெயரளவுக்குச் சொத்து. விற்க நினைத்தால் பங்காளிகள் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டம்தான் ஜார்ஜ்டவுனைக் காப்பாற்றியது என்பதையும் மறுக்க முடியாது. ஆளைக் கிளப்ப முடியாததால் இடித்துக் கட்டவும் முடியவில்லை. ஓடும் காரையும் உதிர்ந்தாலும் தெருக்கள் அப்படியே நின்றன.

1997இல் சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால அவகாசம் 1999 டிசம்பர் 31 வரை. மறுநாள் முதல் சந்தை வாடகை. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த சிறு கடைக்காரர், கைத்தொழிலாளர், வயதானவர்கள் என்று பலர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகு கடைவீடுகளைத் தேடி வெளிநாட்டு முதலீட்டாளர்கள்கூட வந்தார்கள். காசுபெறாது என்று கிடந்த வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறின. அந்த விலை வருவதற்குள் எத்தனையோ பத்திரங்கள் கை மாறியிருந்தன. மந்தக் காலத்தில் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் ஒருவரும் அதைப் பார்க்க இருக்கவில்லை.