டெலிகாஸ்டரின் இரண்டாவது குமிழ்

எலெக்ட்ரிக் கிதாரில் வால்யூமுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ். இதில் என்ன பெரிய வரலாறு என்றுதான் நானும் நினைத்தேன். இருக்கிறது நண்பர்களே!

1950இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் இரண்டு பிக்அப் கொண்ட பிராட்காஸ்டர் கிதாரை வெளியிட்டது. பெயருக்கு கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபம் சொல்ல, 1951இல் அது டெலிகாஸ்டர் ஆனது. முதல் குமிழ் வால்யூம். இரண்டாவது டோன் அல்ல! சுவிட்சை பிரிட்ஜ் பக்கம் வைத்தால், அந்தக் கூர்மையான ஒலியோடு கழுத்துப் பக்க பிக்அப்பை எவ்வளவு கலப்பது என்பதை அது தீர்மானித்தது.

1952இல் அதை டோன் குமிழாக்கினார்கள். அதைக் குறைத்தால் கூர்மையான ஒலிகள் கெப்பாசிட்டர் வழியாக எர்த்துக்குப் போய்விடும். சுவிட்சின் மூன்று நிலைகளில் ஒன்றில் இன்னொரு கெப்பாசிட்டர் நிரந்தரமாகவே இருந்தது. கிதாரிலேயே பேஸ் போன்ற மங்கிய ஒலி வரட்டும் என்று! வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டரின் பிரசிஷன் பேஸ் 1951இலேயே வந்துவிட்டது. அந்த மங்கிய ஒலிக்கு இடம் கொடுத்ததில், இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலிக்க வழியே இல்லாமல் போனது.

அதே 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் ஒவ்வொரு பிக்அப்புக்கும் தனி வால்யூம், தனி டோன். சுவிட்சை நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

டெலிகாஸ்டர் வாசித்த சிலர் பொறுக்காமல் தாங்களே சால்டரிங் செய்து ஒயரை மாற்றிக்கொண்டார்கள். ஃபெண்டர் நிறுவனம் அதே வழிக்கு வந்தது 1967இல்தான்.

லியோ ஃபெண்டருக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. கருவியைச் செய்தவர் அவர். ஆனால் எந்த ஒலி நிலைக்க வேண்டும் என்று கடைசியில் முடிவு செய்தது வாசித்தவர்களின் காதுதான்.