மலை ஒருவருக்கு, தண்டவாளம் இன்னொருவருக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா வட்டாரத்தை இரும்புச் சீமை என்றே சொல்லலாம். ஆனால் அங்கே யார் பெரிய முதலாளி என்பதைத் தீர்மானித்தது இரும்பல்ல, ரயில்பாதைதான். இருப்பு தீர்ந்துவிடும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி 1938-ல் ஆஸ்திரேலிய அரசு இரும்புத்தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1960 இறுதியில் அந்தத் தடை தளர்ந்தபோது ஜப்பானிய எஃகு ஆலைகள் வாங்கத் தயாராக நின்றன. தாது இருந்த மலைகளோ கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே கிடந்தன. தோண்டும் உரிமை வேண்டுமென்றால் ரயில், துறைமுகம், தொழிலாளர் ஊர் எல்லாவற்றையும் உங்கள் செலவிலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று மாநில அரசு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. 1966-ல் கோல்ட்ஸ்வொர்த்தி பாதையும், டாம் பிரைஸ் சுரங்கத்தை டாம்பியர் துறைமுகத்தோடு இணைத்த ஹேமர்ஸ்லி பாதையும் ஓடத் தொடங்கின. 1969-ல் நியூமனிலிருந்து போர்ட் ஹெட்லாண்டுக்கு 426 கி.மீ. நீளப் பாதை முடிந்தது. அதை உருவாக்கிய கைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1968 மே 8 அன்று, பெரும்பாலும் டாரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒரே நாளில் 7 கி.மீ. தண்டவாளம் பதித்து உலக சாதனை படைத்தார்கள்.

பணம் போட்டவருக்கே பாதை சொந்தம் என்பது நியாயம்தானே என்று கேட்கலாம். சொந்தம் என்பதில் எனக்கும் தகராறு இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தங்களிலேயே, பிறர் சரக்கையும் நியாயமான கட்டணத்தில் ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற கடமையும் எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் அது ஏட்டுச் சுரைக்காய். ஏற்றுமதித் தடையை நீக்கப் போராடியவர்களில் முதல்வரிசையில் நின்றவர் லாங் ஹேன்காக். அவர் குடும்ப நிறுவனத்தின் கையில் ஹோப் டவுன்ஸ் என்ற நல்ல தாதுப்படிவு இருந்தது. இருந்தும் 2005-ல் ஹேமர்ஸ்லி பாதையின் உரிமையாளரான ரியோ டின்டோவைப் பாதிப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்ட பிறகே, ரியோவின் பாதை வழியாக அந்தத் தாது கடலுக்குப் போக வழி பிறந்தது. வெறும் கட்டணம் கொடுத்து ஏற்றிச்செல்ல வழி இருந்திருந்தால் இந்தப் பேரத்தில் ஹேன்காக் குடும்பத்தின் கை எவ்வளவோ ஓங்கியிருக்கும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. சுரங்கம், ரயில், துறைமுகம் மூன்றும் ஒரே உற்பத்திச் சங்கிலி. நடுவே அந்நிய ரயில் புகுந்தால் அட்டவணை குலையும் என்பது அது. 2001 ஜூன் 21 அன்று, நியூமன் பாதையை நடத்தும் பி.எச்.பி. நிறுவனம் 682 வேகன்களும் 8 என்ஜின்களும் கோத்து, 7.3 கி.மீ. நீள ரயிலை ஒரே ஓட்டுநரைக் கொண்டு ஓட்டிக் காட்டியது. இந்த அளவு ரயில்கள் ஓடும் பாதையில் ஒரு மணி நேரத் தாமதமும் துறைமுகம் வரை எதிரொலிக்கும். ஹேமர்ஸ்லி பாதையைத் திறந்துவிடுவதால் வரும் நஷ்டம் லாபத்தைவிட அதிகம் என்று 2010-ல் ஆஸ்திரேலியப் போட்டித் தீர்ப்பாயமும் சொன்னது. ஆனால் இந்த வாதம் அந்நிய ரயிலுக்கு எதிராக மட்டுமே செல்லும். பாதைக்காரரே தம் வேகன்களில், தம் அட்டவணைப்படி, பிறர் தாதுவை ஏற்றிப்போவதை அது தடுக்காது. 1960-களின் ஒப்பந்தங்கள் கேட்டதும் அதைத்தான்.

ஃபோர்டெஸ்க்யூ நிறுவனம் 2004-ல் பி.எச்.பி. பாதைகளைப் பயன்படுத்த அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. பின்னர் ரியோவின் பாதைகளையும் சேர்த்து நடந்த, மேலே சொன்ன 2010 தீர்ப்பும் அடங்கிய அந்த வழக்கு, உயர்நீதிமன்றம்வரை போய் 2013 வரை இழுத்தது. அதற்குள் அந்த நிறுவனம் காத்திராமல் சொந்தப் பாதை போட்டு 2008-லேயே தாதுவைக் கப்பலேற்றிவிட்டது. ஹேன்காக் குடும்பமும் பாடம் கற்று, ராய் ஹில் சுரங்கத்துக்கு 344 கி.மீ. சொந்தப் பாதை போட்டு 2015-ல் ஏற்றுமதியைத் தொடங்கியது. இப்படிப் பணபலம் உள்ளவர்கள் ஆளுக்கொரு பாதை போட்டுக்கொள்ள, அது இல்லாத சிறு சுரங்கங்கள் தாதுவை லாரியில் ஏற்றி நெடுஞ்சாலையில் அனுப்பின. இன்று போர்ட் ஹெட்லாண்டுக்கு மூன்று தனித்தனி நிறுவனங்களின் பாதைகள் வந்து சேர்கின்றன. மாநில அரசு தான் எழுதிய நிபந்தனையைத் தானே அமல்படுத்தியிருந்தால், இவற்றில் ஒன்றையாவது போட வேண்டிய அவசியமே வந்திருக்காது.