விண்ணிலிருந்து தெரியும் மண்



ஒரகடம் என்றதும் எல்லோருக்கும் கார் ஞாபகம் வரும், எனக்கு மண்தான். நாங்கள் படித்தபோது மண் வரைபடம் என்றால் வயல் வயலாக நடந்து குழி தோண்டணும். 1972-ல் அமெரிக்காவின் லேண்ட்சாட் வந்தது. 1988 மார்ச் 17-ல் நம்ம ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏறியது. பொய்நிறப் படத்தில் பயிர் சிவப்பு, உப்புப் பூத்த நிலம் வெள்ளை. காய்ந்த மணலும் வெள்ளைதானே! அதனால் நேரில் போய் மண்ணைச் சோதித்தே உறுதி செய்வோம்.

இஸ்ரோ 2021-ல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, 2003-05-ல் நாட்டில் 9.453 கோடி ஹெக்டேராக இருந்த சீர்கெட்ட நிலம், 2018-19-ல் 9.785 கோடி ஆனது. மொத்தப் பரப்பில் 29.77 சதவீதம்.

2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்ட ஒரகடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை வந்தது, சந்தோஷம்தான். ஆனால் களர் மண்ணை ஜிப்சம் போட்டு மீட்கலாம். கான்கிரீட்டுக்கு அடியில் போன மண்ணை மீட்பது லேசில்லை.

மாணவர்களே, இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் படங்கள் பார்க்கக் கிடைக்கின்றன. மிச்சமுள்ள ஏரிப் பாசன நிலத்தைக் குறித்து வையுங்கள். குறிக்கும் முன் ஒருநடை நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க!