சங்கீத ஆசிரியரும் குரல்வளையும்

குரல் கம்மியவரின் தொண்டையுள்ளே நிகழ்வது யாதென்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வைத்தியருக்கும் பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது. குரல்வளையை அவர்கள் கற்றது பிணத்தை அறுத்து, பிணமோ பேசுவதில்லை.

இத்தடையை நீக்கியவர் மானுவேல் கார்சியா என்னும் ஸ்பானிய சங்கீத ஆசிரியர். 1854இல் பாரிஸ் நகரிலே, நீண்ட காம்புடைய பல் வைத்தியக் கண்ணாடியொன்றை வாங்கினார். மூச்சாவி படியாதிருக்க அதனை வெந்நீரிற் சூடாக்கித் துடைத்து, தமது உள்நாக்கருகே வைத்தார். குமட்டாமற் பொறுத்தாரே, அதுவே பெரிது! மற்றக் கையிலிருந்த கண்ணாடி வெயிலை உள்ளே செலுத்திற்று; பிம்பத்தையும் காட்டிற்று. குரல் நாண்கள் அகன்றும் நெருங்கியும் அசைவதை அவர் கண்டார்.

1855இல் இலண்டன் றோயல் சங்கத்தில் அவரது கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆனால், அவர் நாடியது பாட்டின் நுட்பத்தை, நோயை அன்று. வியன்னா வைத்தியர் தூர்க் 1857இல் நோயாளரிடத்து இத்தகைய கண்ணாடியைக் கையாண்டார். மாரிகால மந்தாரம் வெயிலை மறைக்கவே நிறுத்திக்கொண்டார். செர்மாக் என்பவர் அவரிடம் கண்ணாடிகளை இரவல் வாங்கி, விளக்கொளியைக் குழியாடியாற் பாய்ச்சினார். கம்மலுக்குக் காரணம் கட்டியா, வீக்கமா, அசைவற்ற நாணா என்பதை உயிருள்ளவரிடமே பார்க்கலாயிற்று. முதன்மை யாருக்கென்று அவ்விருவரும் வழக்காடினர். கார்சியாவோ இலண்டனிலே நெடுங்காலம் பாட்டுக் கற்பித்து, 1906இல், 101ஆம் வயதிற் காலமானார்.